பொதியை மாற்ற முன்னம் எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள்

கிளிநொச்சியில் நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து கறித்தூள் வறுத்து இடித்து விற்கிறோம். புதுப் பொதிக்குக் காசு போட முன்னம் குழுக் கலந்துரையாடல் வைத்தோம், அதாவது தூள் வாங்குகிற சிலரை ஒன்றாக இருத்திப் பேசவிட்டுக் கேட்டோம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேட் மேர்ட்டன் 1940களில் வானொலி நேயர்களிடம் செய்துபார்த்த முறையிலிருந்து வளர்ந்ததுதான் இது.

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். சொந்தக்காரர் வேண்டாம், உங்கள் மனம் நோகாமல்தான் பேசுவார்கள். மாமியையும் மருமகளையும் ஒரே வட்டத்தில் இருத்தாதீர்கள். மாமி பேசினால் மருமகள் வாய் திறக்கமாட்டாள். தனித்தனிக் கூட்டம் வையுங்கள். சனசமூக நிலையம், பாய், தேத்தண்ணி, ஒன்றரை மணித்தியாலம். அறுவடைக் காலத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

போனில் பதிவுசெய்ய முதல் கட்டாயம் அனுமதி கேளுங்கள். வன்னியில் சனத்தின் கதையை எழுதிக்கொண்டு போனவர்கள் கனபேர், திரும்பி வந்து என்ன நடந்தது என்று சொன்னவர்கள் குறைவு. ஏன் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“எங்கட தூள் நல்லமோ?” என்று கேட்டால் “நல்லம்” என்றுதான் வரும். “கடைசியாக எப்ப தூள் வாங்கினீங்கள், அண்டைக்கு என்ன கறி?” என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பொதியை மூக்கடியில் பிடித்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார், மணம் வரவில்லை, பாயில் வைத்துவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. குறிப்பெடுக்கத் தனியாக ஒருவர் இருந்ததால்தான் அது பதிவானது. இப்போது கடைகளில் மணந்து பார்க்க ஒரு சின்னப் போத்தலும் வைக்கிறோம்.

எட்டுப் பேரில் ஆறு பேர் சொன்னதை நூற்றுக்கு எழுபத்தைந்து என்று எழுதாதீர்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று அறிய வேறு கணக்கெடுப்பு வேண்டும்.