ஐந்தே முக்காலுக்கு இருட்டினால் என்ன செய்வது? மழைக்கால ஒழுங்கு, படிப்படியாக

ஐப்பசியில் மழை தொடங்கினால் என் நடை, நித்திரை எல்லாம் குழம்பிவிடும். போன வருடம்தான் காரணம் பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஜூலையில் 6.35 வரை நிற்கும் சூரியன் நவம்பர் நடுவில் 5.45க்கே போய்விடுகிறது. வேலை முடிந்து பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும் நேரம் அதுதான். மழை மப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

1. நடையைக் காலைக்கு மாற்றுங்கள். நான் 6.15க்கு இறங்குகிறேன். மப்பு நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும். லைட் போட்ட குசினிக்குள் சில நூறுதான். இரவு எப்போது நித்திரை வரும் என்பதை உடம்பு பெரும்பாலும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. மழை கொட்டினால் விறாந்தையில் அங்கும் இங்கும் நடப்பேன். குடையை நம்பாதீர்கள், ரெயின்கோட் வாங்குங்கள். வாடைக்காற்றில் இரண்டு குடை எனக்கு மறுபக்கம் மடங்கின.

2. கடைசித் தேத்தண்ணி 4 மணிக்கு முன். குடித்த கஃபீனில் பாதி கழியவே 5 மணித்தியாலம் அளவில் எடுக்கும். பிறகு மல்லித்தண்ணி, ஒரு கடி பனங்கட்டி.

3. இருட்டுகிற நேரத்துக்கு ஒரு வேலை வையுங்கள். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். நடை காலைக்குப் போனதும் 6 மணி வெறுமையாகிவிட்டது. போனைக் கையில் எடுப்பேன், நிமிர்ந்து பார்த்தால் எட்டு. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. டொரொன்டோவில் இருக்கும் அக்கா தன் மதிய இடைவேளை 12 மணிக்குக் கோல் எடுப்பா. எனக்கு இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணியைப் பின்னால் திருப்ப, அதே கோல் 10.30 ஆனது. கதை முடிய நடுச்சாமம், விடிய எங்கே எழும்புவது? ஒரு மாதம் அலாரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அக்கா வேலைக்குப் போகும் வழியில், தன் 7.30க்கு எடுக்கிறா. எனக்கு மாலை 6 மணி. இரண்டு ஓட்டையும் ஒரே துணியால் அடைபட்டது.

4. போன் படுக்கை அறைக்குள் வேண்டாம். மணிக்கூட்டுக் கடையில் ஒரு சாதாரண அலாரம் வாங்குங்கள். எந்த ஆப்பும் இதற்கு ஈடில்லை.

5. சனி முழுக்கு. எண்ணெய் தடவி, வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் மட்டும். கார்த்திகைத் தூறலில் கிணற்றடியில் நின்று வீரம் காட்டி, நான் தடிமன் பிடித்துக்கொண்டேன்.

பிறகு சேர்த்தது: “காலையில் நுளம்பு கடிக்காதா?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடிக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த கையோடும் பொழுதுபடும்போதும் கூடுதல். நீளக் களுசான் போடுங்கள், விறாந்தைப் பூச்சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

கனடாவில் இருந்து படிப்பவர்களுக்கு 6.15 சரிவராது, டிசம்பர் கடைசியில் டொரொன்டோவில் சூரியன் எழும்பவே 7.50 ஆகும். அக்கா இப்போது அந்த மதிய இடைவேளையில்தான் நடக்கிறா.