சின்னச் சொல்லை எங்கே அழுத்துவது, எங்கே விழுங்குவது

கோணேஸ்வரத்தில் சப்பாத்தைக் கழற்றச் சொல்லவும், நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு ஏற்றவும், உப்புவெளி விடுதிகளில் ஆட்களைக் கவனிக்கவும் திருகோணமலையில் தினமும் ஆங்கிலம் கதைக்க வேண்டியிருக்கிறது. வசனம் சரியாக இருந்தும் வந்தவர் "என்ன?" என்று திரும்பக் கேட்டால், அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். தமிழில் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட 'தான்' சேர்த்தால் போதும். ஆங்கிலத்தில் அந்த வேலையைக் குரல்தான் செய்கிறது. கீழே அழுத்தம் விழும் இடத்துக்கு முன்னால் ˈ போட்டிருக்கிறோம்.

'ஆஃப்', 'ஆன்', 'அட்', 'ஃபோர்' போன்ற சின்னச் சொல்லோடு வினை வந்தால், முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். 'தெம்' என்பதை நடுவில் வைக்க முடிந்தால் அது ஃப்ரேஸல் வெர்ப். அதில் கடைசிச் சின்னச் சொல்தான் உச்சம்: "டேக் தெம் ˈஆஃப்", லைஃப் ஜாக்கெட்டுக்கு "புட் இட் ˈஆன்". "லுக் தெம் அட்" என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அது பிரிபொசிஷனல் வெர்ப், அழுத்தம் வினையில்: "ˈலுக் அட் தெம்", "ˈவெயிட் ஃப மீ". 'ஃபோர்' என்று முழுதாகச் சொல்லாமல் வாயை அதிகம் திறக்காத 'ஃப' போதும். நம் ஆட்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். எழுத்தில் கண்டதையெல்லாம் முழுதாக உச்சரித்துவிடுகிறோம். 'கம் ˈஇன்', 'சிட் ˈடவுன்' போன்றவற்றுக்கு நடுவில் வைக்க எதுவும் இல்லை, ஆனாலும் அழுத்தம் கடைசியில்தான்.

'தெம்' என்பதற்குப் பதில் பெயர்ச்சொல் பின்னால் வந்தால் உச்சம் அதற்குப் போய்விடும்: "டேக் ஆஃப் யோர் ˈஷூஸ்". அதற்காக 'ஆஃப்' என்பதை விழுங்கிவிடக் கூடாது. கேள்வியின் முடிவில் தனியே நிற்கும் 'ஃபோர்' முழு உயிரோசையோடு வரும், அழுத்தம் மட்டும் ஏறாது: "ஹூ ஆர் யூ ˈவெயிட்டிங் ஃபோர்?" மூன்று சொல் சேர்ந்தால் நடுச்சொல்லுக்கே எடை: "ரன் ˈஅவுட் அவ்" (தீர்ந்துபோவது).

விடுதியிலும் ஆட்டோவிலும் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வினையாக வந்தால் "செக் ˈஅவுட்", பெயராக வந்தால் "ˈசெக்அவுட்". 'பிக்கப்'பும் அப்படியே: "ஐ வில் பிக் யூ ˈஅப்", ஆனால் "ˈபிக்கப் டைம்".

அழுத்தம் என்றால் சத்தம் போடுவது என்று நினைக்க வேண்டாம். படகு எஞ்சின் இரைச்சலில் சத்தத்தை மட்டும் கூட்டினால் ஏசுவது போலத்தான் கேட்கும். சுருதியை ஏற்றுங்கள், உயிரோசையைக் கொஞ்சம் நீட்டுங்கள். கட்டளையின் முடிவில் குரலைத் தடாலென்று இறக்காமல் 'ப்ளீஸ்' என்பதில் சற்றே மேலே விட்டால் பணிவாக ஒலிக்கும்.

பழகும்போது சொற்களை விட்டு மெட்டை மட்டும் முனகிப் பாருங்கள். "டேக் தெம் ஆஃப்" என்பது ம்-ம்-ˈம்ம்ம், "லுக் அட் தெம்" என்பது ˈம்ம்ம்-ம்-ம். பிறகு சொற்களோடு சொல்லிப் போனில் பதிந்து கேளுங்கள். இரண்டும் ஒரே மெட்டில் கேட்டால் மறுபடி முனகலிலிருந்து தொடங்குங்கள்.