சின்னப் பிள்ளைக்குச் சின்ன ஆபரேஷன்: ‘வலிக்காது’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

எங்கள் மகனுக்கு நான்கு வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அழும்போதும் முக்கும்போதும் தொடையிடுக்கில் ஒரு பக்கம் கோலிக்குண்டு அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டருக்கு அது வாராவாரம் பார்க்கிற வேலை, காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். எங்களுக்குத்தான் பத்து நாள் தூக்கம் போனது. அதில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், தையல் போடவோ காதில் குழாய் வைக்கவோ போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் அந்த ‘வலிக்காது’. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். மிஸி, அதாவது நர்ஸ், சிரித்துக்கொண்டே மலாயில் “தா சாக்கிட், மாச்சாம் செமுட் கிகிட் சாஜா” என்றார். நானும் சும்மா இல்லாமல் “ஆமாய்யா, வலிக்காது, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்றேன். எறும்பு கடித்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும், தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் செருப்பில்லாமல் ஏறும்போது கட்டெறும்பிடம் வாங்கியிருக்கிறான். ஊசி குத்தியதும் அவன் அழுததைவிட என்னைத் திரும்பிப் பார்த்தானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு கார் மருத்துவமனைப் பக்கம் திரும்பினாலே அலறல்.

அதனால் அடுத்த முறை உண்மையையே சொன்னேன், ஆனால் சின்னதாக. “தம்பி, கையில ஒரு ஊசி போடுவாங்க, குத்தும். நீ அம்மா மடியிலதான் இருப்ப. அஞ்சு எண்ணுறதுக்குள்ள ஊசிய எடுத்துடுவாங்க, ஒரு குட்டி பிளாஸ்டிக் குழாய் மட்டும் கையில இருக்கும்.” இந்தக் கடைசி விஷயம் முக்கியம். ஊசி உள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையை அசைக்காமல் மணிக்கணக்கில் விறைத்துக்கொண்டு கிடக்கிற பிள்ளைகள் உண்டு, பெரியவர்களும் உண்டு.

எப்போது சொல்வது? மூன்று வயதுக்குள் என்றால் முதல் நாள் சொன்னால் போதும், அடுத்த வாரம் என்பதெல்லாம் அவர்களுக்குப் புரியாது. நாலு, அஞ்சு வயதுக்கு இரண்டு மூன்று நாள். ஆறு ஏழு வயசுப் பிள்ளை ஒரு வாரத்துக்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கட்டும். நாங்கள் ஒரு காகிதக் கப்பை மயக்க மருந்து கொடுக்கிற மாஸ்க் ஆக்கி அவனுடைய யானை பொம்மைக்கு வைத்து ஊதச் சொல்லி விளையாடினோம், யானைக்கு மூன்று தடவை ஆபரேஷன் ஆனது. அப்புறம் வீட்டில் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: “சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்கிற வசனத்தைக் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிடுங்கள். என் மாமியாருக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் மருத்துவமனை கொடுக்கிற தாளில் உள்ள நேரம்தான் கணக்கு. பொதுவாகத் திட உணவும் மாவுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம், சில இடங்களில் 1 மணி நேரம் வரைகூட விடுகிறார்கள். நம்மவர்கள் சறுக்குகிற இடம் மைலோ என்கிற சாக்லேட் பானம். ‘குடிக்கிறதுதானே’ என்று விடியற்காலையில் ஒரு கப் கலக்கிக் கொடுத்துவிட்டால் தேதி தள்ளிப்போகும், ஏனென்றால் மைலோ தண்ணீர்க் கணக்கில் வராது, பால் கணக்கு. மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கெடுபிடி. எங்களை 8 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 12 மணி வரை உட்கார வைத்தார்கள், ஏன் என்று கேட்டாலும் பதில் இல்லை. பிள்ளை பசியில் நாற்காலியை உதைத்துக்கொண்டிருக்க, என் கணவர் அவன் எதிரிலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தாமதமானால் இன்னும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாமா என்று மிஸியிடம் கேளுங்கள், பல நேரம் கொடுக்கச் சொல்வார்கள். பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்து பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் காலையில் பாலத்து நெரிசலையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், மறைத்துக் கூட்டிப்போனால் மயக்கத்தில் மூச்சுத் தொல்லை வரலாம். ஆடுகிற பல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் மலேசியாவில் பிறந்ததும் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதி) பரிசோதனை செய்துவிடுகிறார்கள், குறைபாடு இருந்தால் ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொல்ல வேண்டும், மரத்துப்போகப் பூசுகிற கிரீம்கூட அதில் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அந்தக் கிரீமைக் கேட்டு வாங்குங்கள், எல்லா இடத்திலும் தானாகத் தர மாட்டார்கள். கையில் பூசி மேலே பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரமாவது விட வேண்டும், ஊசி போடுகிற நேரத்தில் பூசி ஒரு பயனும் இல்லை. ஊசி போடும்போது படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவதைவிட மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார வைத்துப் பாருங்கள். ஒரு கை உங்கள் முதுகைச் சுற்றி இருக்கட்டும், மற்றக் கை டாக்டரிடம். சோப்புக் குமிழி ஊதச் சொல்லலாம், கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் குத்துகிற நொடியில் இருமச் சொல்லலாம். அழுதால் அழட்டும். கை அசையாமல் இருந்தால் போதும், வாய் சத்தம் போடலாம் என்று நான் அவனுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தேன், அதை அவன் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டான்.

அரைஞாண் கயிறு, தோடு, கருப்பு வளையல், கியூடெக்ஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு இது முன்பே தோன்றவில்லை. ஆபரேஷன் அறை வாசலில் மிஸி கத்தரிக்கோலோடு வர, பாட்டி “இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, வெட்டக் கூடாது” என்று குறுக்கே நிற்க, கடைசியில் முடிச்சை அவிழ்த்து அவர் முந்தானையில் முடிந்துகொண்டபோதுதான் கட்டில் நகர்ந்தது.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், யார் போவது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். ரத்தம் பார்த்தால் தலை சுற்றுகிறவர் வெளியே இருக்கலாம், தப்பில்லை. மாஸ்க் வைத்ததும் ஒரு நிமிஷத்தில் கண் மேலே சொருகும், கை கால் துள்ளும், குறட்டை மாதிரி சத்தம் வரும், அப்படியே துவண்டுவிடும். இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை, நெஞ்சே நின்றுவிட்டது. அது இயல்புதானாம். முத்தம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சில பிள்ளைகள் மயக்கம் தெளியும்போது பேய் பிடித்த மாதிரி எழுவார்கள். என் மகன் கத்தி, என்னையே தள்ளிவிட்டு, கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தான். அதில் பாதி நேரம் அவன் விழித்திருக்கவே இல்லை. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். திட்டாமல், கேள்வி கேட்காமல், விழாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். வார்டில் பெரும்பாலும் மலாயில்தான் பேசுவார்கள், அதனால் பிள்ளை ‘ஒண்ணுக்கு’, ‘தண்ணி’ என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று மிஸியிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குக் காரில்தான், மோட்டார் சைக்கிளில் வேண்டாம். பாரசிட்டமால் சிரப்பை முதல் நாள் வலி வரும்வரை காத்திருக்காமல் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், ஆனால் பாட்டிலைப் படித்துவிட்டு: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது, இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் கை மாறிவிடும். வாந்தி நிற்கவில்லை, சாயங்காலம் வரை சிறுநீர் போகவில்லை, காயத்தில் ரத்தம் அல்லது வீக்கம், காய்ச்சல் என்றால் திரும்பக் கூட்டிப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அரைஞாண் கயிறு காயத்தின் மேல் உரசும், அதனால் தோல் நன்றாக ஆறிய பிறகு கட்டலாம் என்று டாக்டர் சொன்னார். பாட்டி அதற்குள் காலண்டரை எடுத்து நாள் பார்த்து வைத்துவிட்டார்.