வேகமான ரிமோட் விமானம்: லேண்டிங்கில் செய்யக் கூடாதவை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பியின் ஜெட் மாடல் ரன்வேக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே இடதுபக்கம் வெட்டிக்கொண்டு மூக்கு குத்தி விழுந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கும்போது, "நல்லாத்தான் இறங்கிட்டிருந்துச்சுண்ணா, மூக்கைக் கொஞ்சம்தான் தூக்கினேன்" என்றார். பல வருடங்களுக்கு முன் இதே வார்த்தைகளை நானும் சொல்லியிருக்கிறேன். எய்லரான் (மாடலைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின் ஓரத்தில் இருக்கும் அசையும் பலகை) தலைகீழாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எட்டாது என்று எலிவேட்டரை இழுப்பது

ரன்வே எட்டாது போலத் தெரிந்ததும் கை தானாக எலிவேட்டர் ஸ்டிக்கை, அதாவது வாலில் உள்ள பலகையால் மூக்கை ஏற்றி இறக்கும் ஸ்டிக்கை, இழுக்கும். மாடல் ஒரு நொடி மேலே எழும், பிழைத்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அந்த உயரம் வேகத்தைக் கொடுத்து வாங்கியது. அடுத்து மூக்கு வானத்தைப் பார்க்கும், உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே வரும். இன்னும் இழுப்போம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகும். அதுதான் ஸ்டால்.

மெதுவான பயிற்சி மாடல் இதை மன்னிக்கும். சின்ன இறக்கையில் அதிக எடையைச் சுமக்கும் வேக மாடல் மன்னிக்காது. ஒரு பக்க இறக்கை பட்டென்று சரியும். அதை நிமிர்த்த எய்லரான் கொடுத்தால், சரிந்த இறக்கையில் எய்லரான் கீழே இறங்கி அந்தப் பக்கத்தின் கோணத்தை இன்னும் கூட்டும். தரைக்கு மூன்று மீட்டர் உயரத்தில் இதிலிருந்து மீள இடமே இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டிய பால்சா மர மாடலை நான் இழந்தது இப்படித்தான்.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது, பக்கத்தில் நிற்பவர்கள் "தூக்கு, தூக்கு!" என்று கத்தும்போது. தயவுசெய்து அப்படிக் கத்தாதீர்கள். "த்ராட்டில்" (மோட்டாரின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) என்று சொல்லுங்கள். அப்ரோச்சில், அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வரும்போது, வேகத்தைப் பார்த்துக்கொள்வது எலிவேட்டர், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்வது த்ராட்டில். எட்டாது என்றால் த்ராட்டிலைத்தான் கூட்ட வேண்டும். குழாய்க்குள் விசிறி சுழலும் டக்டட் ஃபேன் ஜெட்டில் இன்னும் கவனம் தேவை. விசிறி வேகமெடுக்கச் சற்று நேரம் பிடிக்கும். முன்னால் ப்ரொப்பெல்லர் உள்ள மாடலைப் போல இறக்கை மேலும் வால் மேலும் காற்றை வீசி உதவாது. அதனால் ரன்வேக்கு மேல் வரும்வரை த்ராட்டிலை முழுக்க மூடாதீர்கள்.

நல்ல உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, வேண்டுமென்றே ஸ்டால் செய்து பாருங்கள். எந்தப் பக்கம் சரிகிறது, அதற்கு முன் ஸ்டிக் எவ்வளவு பின்னால் இருந்தது என்பதைக் கை மறக்காமலிருக்க, பத்து தடவையாவது செய்யுங்கள்.

கடைசித் திருப்பத்தில் அதிகம் சாய்ப்பது

உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை இரு மடங்கு பாரம் தாங்க வேண்டும். ஸ்டால் ஆகும் வேகம் சுமார் 41 சதவீதம் கூடிவிடும். 30 டிகிரிக்குள் என்றால் சுமார் 7 சதவீதம்தான். இடம் போதாவிட்டால் திருப்பத்தை முன்கூட்டியே தொடங்குங்கள்.

பயந்து வேகமாக வருவது

20 சதவீதம் கூடுதல் வேகத்தில் வந்தால் 44 சதவீதம் கூடுதல் ஆற்றலைச் சக்கரங்களின் மேல் இறக்குகிறோம்.

தரையில் பட்டுத் துள்ளியதும் மூக்கை அழுத்துவது

கூடாது. த்ராட்டில் கொடுத்து மறுபடி சுற்றி வாருங்கள்.

பேட்டரியை வற்றவிட்டு இறங்குவது

சுற்றி வர மின்சாரம் வேண்டுமே. 30 சதவீதம் மிச்சமிருக்கும்போதே அடிக்கும்படி டைமரை வையுங்கள். அந்தத் தம்பி புது மாடலோடு வரும் நாளில், முதல் மூன்று அப்ரோச்சிலும் சக்கரம் தரையைத் தொடவே கூடாது, தாழ வந்து மேலே போய்விட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.