காதுகுத்துப் படத்திலிருந்து நீல டிரம்மை எடுப்பது எப்படி?

அக்கா மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். என் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிறாளே, அந்த ஒரு படம்தான் உருப்படியாக வந்தது. அதிலும் பின்னால் சமையல்காரர் வைத்த நீலத் தண்ணீர் டிரம், மேலே வானத்துக்குக் குறுக்கே மைக்செட் வயர். இரண்டையும் கிம்ப் (GIMP) என்கிற படம் திருத்தும் மென்பொருளில் எடுத்தேன். காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

படத்தைத் திறந்ததும் லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர் கொடுங்கள், படத்தின் நகல் ஒன்று மேலே இன்னொரு அடுக்காக வரும். கை தவறினால் அசல் அடியில் பத்திரமாக இருக்கும்.

முதலில் வயர், அதுதான் சுலபம். எச் எழுத்தைத் தட்டினால் ஹீல் டூல் வரும். பிரஷ் வயரைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும், கூட்டிக் குறைக்கச் சதுர அடைப்புக்குறி விசைகள். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு வயருக்குப் பக்கத்து வானத்தில் ஒரு கிளிக், அப்புறம் விசையை விட்டுவிட்டு வயர் மேல் சின்னச் சின்னதாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். ஹீல், நீங்கள் கண்ட்ரோல் கிளிக் செய்த இடத்தின் அமைப்பைப் போட்டுவிட்டு நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு கலந்துவிடும், அதனால் வானத்தில் தையல் தெரியாது.

அதே தைரியத்தில் டிரம்மிலும் ஹீலைத் தேய்த்தேன், நீலம் சுவரில் கசிந்து சாயம் போன வேட்டி மாதிரி ஆகிவிட்டது. கலக்கிற புத்திதான் இங்கே வினை. டிரம்முக்குப் பின்னால் இருப்பது காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த கோயில் சுவர், அங்கே கலக்கவே கூடாது, அப்படியே நகல் எடுக்க வேண்டும். அதற்குத்தான் குளோன் டூல், சி எழுத்து.

அதற்கு முன் எஃப் தட்டி, ஃப்ரீ செலக்ட் டூலால் டிரம்மைச் சுற்றி வரைந்து என்டர் கொடுங்கள். இனி பிரஷ் அந்தக் கோட்டைத் தாண்டாது, என் சட்டைத் தோள் தப்பித்தது. இப்போது குளோன் டூலின் அமைப்புகளில் அலைன்மென்ட் என்பதை அலைன்ட் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு முறை மவுஸை எடுத்து வைக்கும்போதும் நகல் பழைய இடத்திலிருந்தே தொடங்கும், பட்டைகள் கோணிக்கொள்ளும்.

டிரம் மறைக்காத இடத்தில், காவி முடிந்து வெள்ளை தொடங்குகிற கோட்டின் மேலேயே கண்ட்ரோல் கிளிக் செய்யுங்கள். பிறகு டிரம்முக்கு மேலே எட்டிப் பார்க்கிற அதே மாதிரிக் கோட்டைப் பிடித்து, அங்கிருந்து கீழே இறங்குங்கள். வெள்ளை முடிந்து காவி தொடங்குகிற கோட்டில் போய் வைத்தால் மொத்தமும் தலைகீழ். ஒரே இடத்திலிருந்து ரொம்ப நேரம் எடுக்காதீர்கள், என் சுவரில் ஒரே காக்கா எச்சம் அச்சு அசலாக மூன்று பட்டையில் வந்து நின்றது.

முடிந்தது என்று அக்காவுக்கு அனுப்பினேன். "டிரம்மை எடுத்துட்ட, நிழலை எங்க போய்ச் சொல்றது?" என்றாள். மணலில் உருண்டையாக ஒரு நிழல் அநாதையாகக் கிடந்தது! கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தி, டிரம்மைச் சுற்றி வரைந்த தேர்வுக் கோட்டை நீக்கிவிட்டு, வெயில் பட்ட மணலிலிருந்து குளோன் எடுத்து நிழலை மூடுங்கள். ஓரங்களில் மட்டும் கடைசியாக ஹீல்.

சேவ் கொடுத்தால் கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில்தான் சேமிக்கும், அதை வாட்ஸப்பில் படமாக அனுப்ப முடியாது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய், பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஜேபிஜி என்று ஆங்கிலத்தில் தட்டிச் சேமியுங்கள்.