லூகர் கைத்துப்பாக்கி சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூறு ஆண்டு கடந்த லூகர் கைத்துப்பாக்கி ஒன்று, நேற்றுதான் ஆலையை விட்டு வந்தது போல மின்னினால், வாங்க வந்தவர் மகிழ்வதற்கு முன் ஐயப்பட வேண்டும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவதும், கையிலிருக்கும் நல்ல பொருளைத் தாங்களே கெடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த மினுக்கத்தால்தான். ஜார்ஜ் லூகர் வடிவமைத்த இத்துப்பாக்கியை ஜெர்மன் கடற்படை 1904-இலும் தரைப்படை 1908-இலும் ஏற்றுக்கொண்டன. தரைப்படைக்கென 100 மி.மீ. குழலுடன் செய்யப்பட்ட வகைதான் பி08. மௌசர் ஆலை 1942-இல் ஜெர்மன் படைக்கான உற்பத்தியை முடிக்கும் வரை பல ஆலைகள் இதைச் செய்தன. ஆகவே இன்று கிடைக்கும் லூகர்கள் அரிதானவை அல்ல. மாற்றப்படாத லூகர்களே அரிதானவை. விலை வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பழைய பூச்சை அழுக்கென்று எண்ணுவதுதான் மிகப் பெரிய தவறு. துப்பாக்கியின் மேல் நாம் காணும் கருநீலம் வண்ணம் அன்று. எஃகின் மேற்பரப்பே மாறிய நிலை அது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் லூகர்களுக்கு ‘ரஸ்ட் ப்ளூ’ முறையில் நிறமேற்றினார்கள்: எஃகின் மேல் மெல்லிய துருவை வேண்டுமென்றே வரவழைத்து, அதைக் கொதிநீரில் கறுக்க வைத்து, தேய்த்து, மீண்டும் அதையே பலமுறை செய்வார்கள். விசை (ட்ரிகர்), பாதுகாப்பு நெம்புகோல், தோட்டாக்களை வைக்கும் மேகசினை விடுவிக்கும் பொத்தான் போன்ற சிற்றுறுப்புகளை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தி, வைக்கோல் நிறத்தில் விட்டுவிடுவார்கள். 1937-ஐ ஒட்டி மௌசர் ஆலை உப்புக் கரைசலில் நிறமேற்றும் விரைவான முறைக்கு மாறியபோது இந்த வைக்கோல் நிறம் மறைந்து, சிற்றுறுப்புகளும் நீலமாயின. இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தாலே பல இழப்புகளைத் தவிர்க்கலாம். 1917-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை கருநீலமாக இருந்தால், யாரோ பின்னாளில் முழுவதையும் பிரித்து நிறமேற்றியிருக்கிறார்கள். 1941-ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை பொன்னிறமாகப் பளிச்சிட்டால், யாரோ அழகுபடுத்தி விற்கப் பார்க்கிறார்கள்.

மறுநிறமேற்றத்துக்கு முன் மெருகுச் சக்கரத்தில் பிடிப்பார்கள் என்பதால் அதன் தடயங்கள் எளிதில் மறைவதில்லை. கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும். துளைகளின் வாய் சற்றே குழிந்திருக்கும். இலக்கத்தையோ எழுத்தையோ எஃகில் அடிக்கும்போது அதன் ஓரத்தில் உலோகம் மயிரிழை அளவு மேலெழும். சக்கரம் முதலில் அழிப்பது அதைத்தான். விரல் நுனியால் தடவியே கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. இவ்வளவையும் அறிந்த ஒருவரே, தன் பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கியில் இருக்கும் பழுப்புப் படலத்தைக் கம்பித் தேய்ப்பானால் சுரண்டுவதும் நடக்கிறது. எண்ணெயில் நனைத்த மென்துணியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதற்குப் போகாத கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது எண்கள். பி08-இன் முழுத் தொடர் எண் சட்டகத்தின் முன்பக்கத்திலும் குழலிலும் மேற்பகுதியின் இடப்புறத்திலும் இருக்கும். சிற்றுறுப்புகள் பலவற்றில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும். விசைக்கு மேலுள்ள பக்கத் தகட்டிலும் முழங்கால் மூட்டுப்போல் மடியும் இணைப்பிலும் அவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எல்லாம் பொருந்துகிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். எண்ணின் கீழோ பக்கத்திலோ உள்ள சிறிய எழுத்தைக் கவனிப்பதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் டிடபிள்யூஎம் ஆலை ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கி, பத்தாயிரத்தை எட்டியதும் ‘ஏ’ என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது; பிறகு ‘பி’, ‘சி’ என்று நீண்டது. ஆகவே ஒரே ஆண்டில் ஒரே எண்ணுடன் பல துப்பாக்கிகள் இருந்திருக்கும். எழுத்துத்தான் அவற்றைப் பிரித்துக்காட்டும். மேகசினின் அடிக்கட்டையில் எண் சரியாக இருந்து எழுத்து வேறாக இருந்தால், அது வேறொரு துப்பாக்கியின் மேகசின். பொருந்தும் மேகசினுக்குத் தனி விலை உண்டு என்பதால், வெற்றுக் கட்டையில் புதிதாக எண் அடித்துத் தருகிறவர்களும் உண்டு. இலக்கங்களின் வடிவத்தைத் துப்பாக்கியில் உள்ளதோடு ஒப்பிடாமல் அந்த விலையைக் கொடுக்கக் கூடாது.

முத்திரைகளைத் தவறாகப் படிப்பதில் வேடிக்கையும் உண்டு. இணைப்பின் மேல் ‘எஸ்/42’ என்றோ வெறும் ‘42’ என்றோ இருப்பதைப் பார்த்து 1942-இல் செய்தது என்று விற்பவரும் வாங்குபவரும் ஒருமித்து நம்புகிறார்கள். அது மௌசர் ஆலைக்குரிய மறைகுறி. செய்த ஆண்டு, தோட்டா நுழையும் அறையின் மேல் தனியாக இருக்கும். 1934-க்கு ‘கே’ என்றும் 1935-க்கு ‘ஜி’ என்றும் எழுத்தையே ஆண்டாகப் பொறித்தார்கள். 1941-இல் ‘42’ போய் ‘பிஒய்எஃப்’ வந்தது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அறையின் மேல் 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் இருந்தால் கள்ளப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஆயுதங்களைக் கட்டுப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிறகு, அரசுக்குரிய துப்பாக்கி என்று அடையாளம் காட்டவே 1920 என்ற எண் அடிக்கப்பட்டது. அது உண்மையான வரலாற்றுத் தடம். என் கண்ணுக்கு, ஒற்றை ஆண்டு உள்ளதைவிட அதுவே சுவையானது.

இனி, கதைகள். கறுப்பு பேக்கலைட் (பழைய வகை பிளாஸ்டிக்) கைப்பிடியுடன் வரும் 1941, 1942-ஆம் ஆண்டு மௌசர் லூகர்களை ‘பிளாக் விடோ’ என்று அழைத்து விலையேற்றுகிறார்கள். ஜெர்மானியர் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை, அது போருக்குப் பின் அமெரிக்க வணிகத்தில் பிறந்தது. நாஜிகளின் எஸ்எஸ் படை அல்லது கெஸ்டபோ ரகசியக் காவல்துறையின் முத்திரை என்று காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் அடிக்கப்பட்டவை. விமானப்படைக்காக 10,000 என்ற அளவில் க்ரீகாஃப் ஆலை செய்த லூகர்கள் நல்ல விலை போவதால் போலிகளும் மலிந்துவிட்டன. 200 மி.மீ. குழலும், 800 மீட்டர் வரை தொலைவு குறித்த, குறிபார்க்கும் பின்பார்வையும் உடைய பீரங்கிப்படை வகையை வாங்குவோர், குழலின் எண் சட்டகத்தின் எண்ணோடு ஒன்றுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் சாதாரண லூகரில் நீண்ட குழலை மாட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய வேலை. மௌசர் சி96 என்ற வேறொரு கைத்துப்பாக்கியின் கைப்பிடியில் செதுக்கிச் சிவப்பு வண்ணமிட்ட 9 என்ற எண்ணும் இப்படியே. 1916-இல் ஜெர்மன் படை 9 மி.மீ. தோட்டாவுக்காக 1,50,000 துப்பாக்கிகள் கேட்டபோது, வீரர்கள் 7.63 மி.மீ. தோட்டாவை மாற்றிப் போட்டுவிடாமலிருக்க இட்ட குறி அது. ஒரு உளியும் கொஞ்சம் சிவப்புச் சாயமும் இருந்தால் எந்தக் கைப்பிடியிலும் அதை உண்டாக்கலாம் என்பதால், கைப்பிடியைப் பார்க்காமல், குழல் 9 மி.மீ. தோட்டாவுக்குரியதுதானா என்று பார்க்க வேண்டும்.

பொருந்தும் எண்களுடன் வாங்கிய துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது கடினம்தான். ஆனால் ஓர் எண்ணிட்ட சிற்றுறுப்பு உடைந்தால் அதே எண்ணுடன் இன்னொன்று கிடைக்காது. சுட விரும்புகிறவர் எண் பொருந்தாத, மலிவான ஒன்றை அதற்கென வைத்துக்கொள்வது நல்லது. பிரிப்பதிலும் கவனம் வேண்டும்: பொருந்தாத திருப்புளி திருகின் தலையைச் சிதைக்கும், இடக் கைப்பிடியை அவசரமாகத் தூக்கினால் பாதுகாப்பு நெம்புகோல் அருகே மரம் தெறிக்கும். எத்தனையோ லூகர்களில் அந்த ஓர் இடம் மட்டும் சில்லுபோயிருக்கக் காரணம் இதுவே. இவற்றைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. மேகசினைக் கழற்றினாலும் அறையில் தோட்டா இருக்கலாம். இருந்தால் மேலே உள்ள இழுப்பான் சற்று உயர்ந்து, ‘நிறைக்கப்பட்டது’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைக் காட்டும். லூகரின் மேற்பகுதியைச் சட்டகத்திலிருந்து பிரித்த பின்னும், அறையில் தோட்டா இருந்தால் அது வெடிக்கக்கூடும், ஏனெனில் சுடும் ஊசியைத் தடுத்து நிறுத்தும் உறுப்பு அந்த மேற்பகுதியிலேயே இருக்கிறது.

சட்டத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறுதான். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியில் தோள்கட்டை (தோளில் ஊன்றிச் சுட உதவும் கட்டை) பொருத்தினால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தனிப் பதிவு வேண்டிய குட்டைக் குழல் ரைபிள் ஆகிவிடும். மூலத் தோள்கட்டையுடன் உள்ள சில பழைய வகைகளுக்கு விலக்கு உண்டு. பிரிட்டனில் 1997-க்குப் பிறகு சேகரிப்போர் கைத்துப்பாக்கி வைத்திருக்க வரலாற்றுப் பொருள் என்ற குறுகிய விலக்குகள்தான் உள்ளன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்பதால், இங்கு இது சேகரிப்பாக வளர வழியில்லை.

கடைசியாக, தோலுறை. துப்பாக்கிக்கென்றே செய்த உறையில் வைப்பதுதான் பொருத்தம் என்று பலரும் பல ஆண்டுகள் அதிலேயே விட்டுவிடுகிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடப் பயன்பட்ட பொருள்கள் எஃகை அரிக்கும். உறையின் தையல் படிந்த கோடு அப்படியே துருவாகத் துப்பாக்கியில் பதிந்திருப்பதைக் காணலாம். உறையைத் தாள் திணித்து வடிவம் குலையாமல் தனியே வைத்து, துப்பாக்கியை மெல்லிய எண்ணெயோ மெழுகோ பூசி வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். தொட்டு எடுப்பவர் கையுறை அணிய வேண்டும், ஏனெனில் வியர்வைக் கையின் ரேகை சில வாரங்களிலேயே நீலத்தின் மேல் பழுப்பாக எழுந்துவிடும்.