மதுரைப் பக்கம் பூபி வந்து விழுந்தால்

மதுரைக்குக் கடல் இல்லை, ஆனாலும் எப்போதாவது கடற்பறவை வந்து விழும். பருவக்காற்று பலமாக வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், புயல் மாதங்களான நவம்பர், டிசம்பரிலும் கவனிக்க வேண்டும். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் பக்கமாகத்தான் அரபிக்கடலுக்குப் போனது. அப்படிக் காற்றில் அடித்து வரப்படக்கூடிய ஒரு கடற்பறவை பூபி (booby). மேலிருந்து அம்புபோல் கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் வெப்பமண்டலப் பறவை.

முதலில் அது நீர்க்காகம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். வண்டியூர் கண்மாயில் இறக்கை விரித்துக் காயவைக்கும் கருப்புப் பறவை அதுதான். காலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டுக்குமே நான்கு விரல்களும் ஒரே சவ்வால் இணைந்திருக்கும். அலகைப் பாருங்கள். நீர்க்காகத்துக்கு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும், பூபிக்கு நேராகக் கூம்பிய ஈட்டி.

நம் கடல்களில் மூன்று வகை உண்டு. முகமூடிப் பூபிக்கு வெள்ளை உடல், கருப்பு வால், அலகைச் சுற்றிக் கருப்பு. பழுப்புப் பூபிக்கு நெஞ்சுவரை பழுப்பு, கத்தியால் வெட்டியதுபோல் அதன்கீழ் வெள்ளை வயிறு. செங்கால் பூபி மூன்றிலும் சிறியது. வளர்ந்ததற்குக் கால் சிவப்பு. முகமூடிப் பூபியின் இளசைப் பழுப்புப் பூபி என்று பலரும் ஏமாறுவார்கள். பின்கழுத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அது முகமூடிதான்.

பிடிக்கும் முன் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் போடுங்கள். பூபி கண்ணைக் குறிவைத்துக் கொத்தும், அலகின் விளிம்பு ரம்பம்போல் கீறும். பெரிய துண்டைத் தலையோடு போர்த்தி, இறக்கைகளை உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. இன்னொரு தவறு, கொத்துமே என்று அலகில் ரப்பர் பேண்ட் போடுவது. பாயும்போது தண்ணீர் புகாதபடி பூபிக்கு வெளி நாசித்துளையே கிடையாது, வாயோரமாகத்தான் மூச்சு விடும். கட்டினால் செத்துப்போகும். அலகைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே ஒரு விரல் இருக்கட்டும்.

ஏறக்குறைய ஒரு மீட்டர் நீள அட்டைப்பெட்டியில் காற்றுத்துளை போட்டு, அடியில் மடித்த துணி விரித்து, நிழலில் மூடி வையுங்கள். வெறும் தரையில் கிடந்தால் நெஞ்சில் புண் வரும். சோறு, ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வீட்டில் கோழி இருந்தால் பெட்டி அதன் பக்கமே போகக் கூடாது.

வைகையிலோ கண்மாயிலோ விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். களைத்த பறவை நனைந்து குளிரில் விறைக்கும், கரையேறினால் நாய் காத்திருக்கும். உடனே வனத்துறைக்குச் சொல்லி, கிடைத்த இடம், நேரம் இரண்டையும் பெட்டிமேல் எழுதிக் கொடுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்து, உடல் தேறிய பிறகு கடற்கரையில்தான் அதை விட வேண்டும்.